மருத்துவமனைச் சுவருக்குள் ஒரு மான்

குழந்தைகள் மருத்துவமனையின் சுவர்களில் மானும் தவளையும் வைப்பதற்குச் செலவிடும் பணத்தில் மருந்து வாங்கலாமே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த மானும் ஓரளவுக்கு மருந்துதான் என்பது என் எண்ணம்.

1852-இல் தொடங்கப்பட்ட லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், அறுவை அரங்குக்குச் செல்லும் வழியின் சுவர்களில் காட்டு மரங்கள் அச்சிட்ட தாளை ஒட்டி, அவற்றுக்குள் 70 எல்.இ.டி. பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். கலைஞர் ஜேசன் புரூஜஸின் குழுவினர் 2012-இல் அமைத்த இந்த வழியில் யாரேனும் நெருங்கினால், அசைவை உணர்ந்து, மரங்களுக்கிடையே மானோ குதிரையோ முள்ளெலியோ ஒளியுருவாகத் தோன்றி நடந்து மறைகிறது. நடந்து வரும் சிறுவனுக்கும் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் குழந்தைக்கும் கண்மட்டம் வேறு என்பதால், பலகைகள் வெவ்வேறு உயரங்களில் உள்ளன.

அச்சத்தில் அட்ரினலின் சுரப்பதும் இதயம் படபடப்பதும் நாம் பள்ளியில் படித்தவை. இந்த மானைப் போன்ற வேறொன்றின் பக்கம் திரும்பும் கவனம், வலியை எங்கே தடுக்கிறது என்பதுதான் என்னை வியக்க வைப்பது. தோலில் எழும் வலிச் செய்தி நேராக மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தின் பின்புறப் பகுதியில் அடுத்த நரம்புக்குக் கைமாறிய பிறகே மேலே ஏறுகிறது. அந்த இடத்திலேயே செய்தியைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்ற கருத்தை மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் 1965-இல் முன்வைத்தார்கள். 2012-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள், தன்னார்வலர்களின் கையில் சூடுபடச் செய்து, கூடவே நினைவாற்றல் பயிற்சி ஒன்றையும் கொடுத்து, அவர்களின் தண்டுவடத்தை நரம்புகளின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்தார்கள். பயிற்சி கடினமானபோது வலி குறைந்ததோடு, தண்டுவடத்தில் தெரிந்த, வலிக்கான எதிர்வினையும் சேர்ந்து தணிந்தது. கவனம் திரும்பியதும் மூளை வலியைப் பொருட்படுத்தாமல் விட்டது என்று மட்டும் இதை விளக்க முடியாது, ஏனெனில் மூளையை எட்டும் முன்பே செய்தி மெலிந்துவிட்டது. மார்ஃபின் போன்ற வலிநீக்கிகளான ஓபியாய்டுகளின் செயலைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தைச் செலுத்தியபோது, கவனத் திருப்பத்தால் கிடைத்த நிவாரணம் ஏறத்தாழ 40% சரிந்தது. ஆகவே அந்த நிவாரணத்தின் ஒரு பங்கை அளித்தது உடல் தானே சுரக்கும் ஓபியாய்டு.

சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள், அதுவும் ஆய்வுக்கூடத்துச் சூட்டில். அந்த அளவுகளைக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்துவது தவறு. ஆயினும் கவனத்துக்கு உண்மையான வேலை கொடுத்தால்தான் பயன் என்ற குறிப்பை, கட்டடம் வரைபவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் கண்மட்டத்தில் தீட்டிய, ஒரே பார்வையில் முடிந்துவிடும் கார்ட்டூன் அந்த வேலையைச் செய்யாது. படுத்துக்கொண்டே போகும் குழந்தை பார்ப்பது பெரும்பாலும் கூரையைத்தான். அங்கே இலைகளுக்குள் மறைத்துத் தேட வைக்கும் பறவைகளை வரைய மின்னணுக் கருவி எதுவும் தேவையில்லை.

நிதி சுருங்கும்போது அழகூட்டல் என்ற தலைப்பில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான் என்பது எனக்குப் பெரும் வருத்தம். புதிய மருந்தைச் சோதிக்கப் பணம் ஒதுக்குவதைப் போலவே, இத்தகைய வழியைக் கட்டும் திட்டத்திலேயே, அதைக் கடந்து செல்லும் குழந்தைகளின் அச்சத்தையும் வலியையும் அளந்து பார்க்கும் ஆய்வுக்கும் ஒரு தொகையைச் சேர்த்துவிட வேண்டும்.