கூட்டத்தில் மொழி மாறும்போது

சிங்கப்பூரில், எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகக் கூட்டம். ஏழு பேருக்கு மாண்டரின் சீனம் தெரியும். ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு, விவாதம் சூடுபிடித்ததும் மாண்டரினுக்குத் தாவிவிடுகிறது. வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. ஆனால் முடிவு எடுப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். எட்டாமவருக்குக் கிடைப்பது ஒரு வரிச் சுருக்கம். ஆண்டிறுதி மதிப்பீட்டில் அவருக்கு விழும் குறிப்போ, "கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை".

மனிதவளப் பிரிவுகள் கோட்டைவிடும் இடம் இது. "இந்தியருக்கு நீங்க நல்ல கலர்" என்ற பாராட்டு, கேட்காமலே பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது எல்லாம் தனித்தனியே அற்பமாகத்தான் தெரியும். 1970இல் இதற்கு 'மைக்ரோஅக்ரெஷன்' (நுண்தாக்குதல்) என்று பெயரிட்ட அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் கவலைப்பட்டது, இவை சேர்ந்து ஏற்றும் பாரத்தைப் பற்றி.

பேச்சை ஆங்கிலத்துக்குத் திருப்புவது கூட்டத் தலைவரின் வேலை. விடுபட்டவரே கேட்டால் 'தொட்டாற்சிணுங்கி' என்று பெயர் வாங்குவார். தலைவர் சொல்ல வேண்டியது: "ஆங்கிலத்திலேயே பேசுவோம். இப்போ சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க." இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் போன பத்து நிமிடம் போனதுதான்.

பாதிக்கப்பட்டவர் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்: தேதி, நேரம், சொன்ன சொற்கள் அப்படியே, கூட இருந்தவர்கள், அதன்பின் வேலையில் என்ன மாறியது. கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் பார்ப்பது வேலை நியமனம், மதிப்பீடு, பதவி உயர்வு, பணிநீக்கம் போன்ற முடிவுகளை; இனம், மொழித்திறன் அடிப்படையில் காட்டும் பாகுபாடும் அதில் அடக்கம். (25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு.) கிண்டலை மட்டும் குறித்து வைத்தால் அது கிண்டலாகவே நின்றுவிடும்.

புண்படப் பேசியவர், "அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க" என்றால் போதும். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலை" என்று நீட்டினால், புண்பட்டவரே அவரைத் தேற்ற வேண்டிவரும்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று தொடங்கி, தெரு, குலதெய்வம் என்று விசாரணை இறங்கினால் கேட்கப்படுவது சாதி. லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் அலுவலக உடுப்புக்கு "வாங்க சார்", வேலைத்தளப் பூட்ஸுடன் வரும் ஊழியருக்கு "என்னப்பா வேணும்?". கடை முதலாளிகள் ஒரு வாரம் கல்லாவைக் கவனித்துப் பாருங்கள்: மீதிச் சில்லறை யார் கைக்குப் போகிறது, யாருக்கு மேசையில் வைக்கப்படுகிறது என்று.