பணி முடிந்த செயற்கைக்கோளின் பேட்டரியை யார் அணைப்பது?

விண்வெளிக் குப்பை பற்றிக் காரைக்குடி, தேவகோட்டைக் கல்லூரி மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் அவர்கள் முதலில் கேட்பது மோதலைப் பற்றித்தான். அதற்குக் காரணம் உண்டு. 2009 பிப்ரவரி 10 அன்று, செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251-உம் இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33-உம் ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதிச் சிதறின. ஆனாலும், விண்கலங்களும் ராக்கெட் அடுக்குகளும் தமக்குள் எஞ்சியிருந்த எரிபொருளாலோ பேட்டரியாலோ தாமாகவே வெடித்துச் சிதறிய நிகழ்வுகள் மோதல்களைவிட மிக அதிகம். அழகப்பச் செட்டியாரின் கொடையால் உருவாகி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் காரைக்குடியில் பேட்டரி புதிய பேச்சல்ல. அத்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. பெரும்பாலான பாதைகளில் ஒவ்வொரு சுற்றிலும் அரைமணி நேரத்துக்கு மேல் நிழலில் இருப்பதால், அதன் பேட்டரி ஓராண்டில் ஐந்தாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏறி இறங்குகிறது. பணி முடிந்து தரையிலிருந்து கட்டளை போவது நின்ற பிறகும் சோலார் பேனலுக்கு வெயில் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். கட்டுப்பாட்டுச் சுற்று பழுதானால், நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் தொடர்ந்து பாயும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றிய லித்தியம் அயனி செல்லை ஆய்வகத்தின் பாதுகாப்பு அறைக்குள் வைத்துக் கவனித்தால், முதலில் வெப்பம் மெல்ல ஏறும். பின்னர் செல்லின் உடல் உப்பும். கரைப்பான் ஆவி இனிப்பு கலந்த நெடியோடு கசியும். அதன் பிறகு சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். விண்வெளியில் காற்றில்லாததால் இது நடக்காது என்று சிலர் எண்ணுகிறார்கள். நேர்மின்வாய்ப் பொருள் சிதையும்போது அதிலிருந்தே ஆக்சிஜன் வெளிப்படுவதால் செல் எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. காற்றில்லாத இடத்தில் வெப்பம் வெளியேறும் வழியும் குறைவு. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளிலும் ஆபத்து இருந்தது: 1995-இல் ஏவப்பட்ட அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள் ஒன்று 2015 பிப்ரவரியில் சிதறியபோது, பேட்டரித் தொகுதியின் கம்பி இணைப்பில் ஏற்பட்ட பழுதே காரணம் என்று கண்டறியப்பட்டது.

தீர்வு எளிமையாகத் தோன்றும்: சோலார் பேனலைப் பேட்டரியிலிருந்து நிரந்தரமாகத் துண்டிக்கும் ரிலே (கட்டளையால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை வைத்து, பணி முடிந்ததும் அதைத் திறந்து, அதாவது இணைப்பை அறுத்து, மீதியுள்ள சார்ஜையும் வடித்துவிட வேண்டியதுதானே? ஆனால் அந்த ரிலே பணியின் நடுவில் தவறித் திறந்துவிட்டால் செயற்கைக்கோளே போய்விடும் என்ற அச்சத்தால், பல வடிவமைப்பாளர்கள் நெடுங்காலம் அதை வைக்கவே தயங்கினார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் அதற்கு விடை, இரண்டு தனித்தனிக் கட்டளைகள் வந்தால் மட்டுமே திறக்கும் அமைப்பை முதல் வரைபடத்திலேயே சேர்ப்பதுதான். செட்டிநாட்டு வீட்டில் முற்றத்து மழைநீர் வெளியேறும் வழியைச் சுவர் எழும்பிய பிறகா யோசித்தார்கள்?

இந்தியாவின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 2001 அக்டோபரில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி3 ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, பணி முடித்து இரண்டு மாதம் ஆவதற்குள் வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதன் பிறகு எஞ்சிய எரிபொருளை வெளியேற்றிவிடும் முறை கொண்டுவரப்பட்டது. 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட சி58 ராக்கெட்டின் நான்காம் அடுக்கோ, எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டரில் விட்டபின் 350 கிலோமீட்டருக்கு இறக்கப்பட்டு, எரிபொருள் வெளியேற்றப்பட்டு, போயம்-3 என்ற ஆய்வு மேடையாகச் சோதனைகளுக்குப் பயன்பட்டு, மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் நுழைந்தது. கழிவாகப் போக வேண்டியதைக் கருவியாக்கிய இந்த அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். 2030-க்குள் இந்திய விண்வெளிப் பணிகள் அனைத்தும் குப்பையற்றவையாக இருக்க வேண்டும் என்று இலக்கும் அறிவிக்கப்பட்டுள்ளது.

ஆயுளை நீட்டுவது இன்னொரு வழி. 2020 பிப்ரவரியில் எம்.இ.வி.-1 என்ற கலம், எரிபொருள் தீரும் நிலையிலிருந்த இன்டெல்சாட் 901-உடன் இணைந்து, அதை மீண்டும் பணிக்குக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் என்ற சோதனைத் திட்டத்தின் வழியாக இந்தியாவும் விண்ணில் இரு கலங்களை இணைத்துக் காட்டிவிட்டது.

குலசேகரப்பட்டினம் ஏவுதளம் செயல்படத் தொடங்கினால், சிறிய ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கு நோக்கிச் செல்லலாம். நம் பகுதி மாணவர்களின் சிறு செயற்கைக்கோள்களுக்கும் வாய்ப்பு கூடும். திட்டம் எழுதும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது உயரத்தைத்தான். 400 கிலோமீட்டரில் விட்ட சிறு செயற்கைக்கோள் பொதுவாகச் சில ஆண்டுகளுக்குள் தானே எரிந்து விழும். 800 கிலோமீட்டரில் விட்டால் நூறாண்டுக்கு மேலும் சுற்றக்கூடும். 500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்றால் அதற்கான காரணத்தையும், கீழே இறக்கும் வழியையும், பேட்டரியைத் துண்டிக்கும் ரிலேயின் இடத்தையும் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.