வங்கியில் கிடக்கும் பணம் முதலீடு ஆகாது

சென்ற மாதம் என் அலுவலகத்துக்கு வந்தவர் மேசைமேல் வைத்த கோப்பு அரையடி தடிமன் இருந்தது. அவர் கனடியக் குடியுரிமை பெற்றவர். இருபது ஆண்டுகள் உணவகத் தொழிலில் ஊறியவர். அமெரிக்காவில் ஓர் உணவகம் நடத்துவதற்காக ஈ-2 முதலீட்டாளர் விசாவுக்கு விண்ணப்பித்து, துணைத் தூதரக நேர்காணலில் பத்தே நிமிடங்களில் மறுக்கப்பட்டவர். கோப்பைப் புரட்டினேன். அமெரிக்காவில் ஓர் எல்எல்சி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனம், பதிவாகியிருந்தது. அதன் பெயரில் வங்கிக் கணக்கும் கணக்கில் இரண்டு லட்சம் டாலரும் இருந்தன. எட்டு மாதங்களாக அந்தக் கணக்கிலிருந்து ஒரு டாலர்கூட வெளியே போயிருக்கவில்லை. "பணத்தைக் காட்டிவிட்டேனே சார், இன்னும் என்னதான் கேட்கிறார்கள்?" என்றார். இதே கேள்வியோடு இந்த ஆண்டு என்னிடம் வந்தவர்களில் அவர் நான்காவது ஆள். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அசையாமல் கிடந்த பணத்தை மட்டும் மாற்றவில்லை.)

ஈ-2 என்பது பணம் கொடுத்து வாங்கும் விசா அன்று. 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் இடம்பெற்ற இந்தப் பிரிவு, அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகளின் குடிமக்கள் அங்கே கணிசமான மூலதனத்தை இட்டு, ஒரு தொழிலைத் தாமே நின்று நடத்துவதற்காக ஏற்பட்டது. குறைந்தபட்சத் தொகை இவ்வளவு என்று சட்டத்திலும் இல்லை, விதிகளிலும் இல்லை. ஆனாலும் என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் ஒரு தொகையைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். எங்கே கேட்டீர்கள் என்றால், மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார் என்பார்கள். அதிகாரி பார்ப்பது விகிதத்தை. தொழிலைத் தொடங்கவோ விலைக்கு வாங்கவோ மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதே கணக்கு. ஒரு லட்சம் டாலரில் முடியும் சிறு தொழில் என்றால் ஏறக்குறைய முழுத் தொகையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பல கோடி டாலர் பெறும் ஆலை என்றால் அதைவிடக் குறைந்த விகிதமும் போதுமானதாகக் கருதப்படலாம்.

சரி, தொகை போதும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை முதலீடாக எப்போது மாறுகிறது என்பதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்ள மறுக்கிறார்கள். முதல் என்பது தொழில் நொடித்தால் உங்களோடு சேர்ந்து மூழ்கிப்போகக்கூடிய பணம். கணக்கில் இருக்கும் இரண்டு லட்சத்தை நாளைக் காலையில் நீங்கள் அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால், அந்தப் பணத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆபத்து இல்லாத பணம் சட்டத்தின் பார்வையில் சேமிப்பு. கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் அது சேமிப்புதான். "முதலீடு செய்யப்போகிறேன்" என்று உறுதிமொழிக் கடிதம் எழுதி அடியில் நோட்டரி முத்திரை குத்திக் கொண்டுவருபவர்களும் உண்டு. எண்ணம் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் அதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது. அடுப்பும் குளிர்சாதன அறையும் வாங்கிய ரசீது, கட்டட உட்பணிக்குக் கொடுத்த பணம், வேறொரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தக் கட்டும் ஃபிரான்சைஸ் கட்டணம், உரிமங்களுக்குச் செலுத்திய தொகை, சரக்குக் கொள்முதல் ஆகிய இவையே முதலீடு. அன்றாடச் செலவுக்கென்று நியாயமான ஒரு தொகை கணக்கில் இருக்கலாம். அது மொத்தத்தில் சிறு பகுதியாக இருக்கும்வரை யாரும் குறை சொல்வதில்லை. காலி மனை வாங்கிப்போட்டுவிட்டு, அல்லது பங்குகளில் பணத்தைப் போட்டுவிட்டு, அதுவும் முதலீடுதானே என்று வாதிடுவோரிடம் பேசி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. பொருளாதாரத்தில் அது முதலீடாக இருக்கலாம். இந்த விசாவுக்கு ஓடிக்கொண்டிருக்கும் தொழில் வேண்டும், இல்லையேல் ஓடத் தயாராக நிற்கும் தொழில் வேண்டும்.

கடை வாடகையிலும் இதே குழப்பம். ஐந்தாண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அறுபது மாத வாடகையையும் கூட்டி முதலீட்டுப் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். வாடகையில் பொதுவாக ஒரு மாதத்துக்கு உரிய தொகையே முதலீட்டுக் கணக்கில் சேரும்.

இவ்வளவும் கேட்டபின் எதிரே இருப்பவர் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு: எல்லாவற்றையும் கொட்டிவிட்டு விசா மறுக்கப்பட்டால் நடுத்தெருவில் நிற்பதா? இதற்கு வழி வைத்துத்தான் இருக்கிறார்கள். ஓடுகிற தொழிலை வாங்குவதானால், வாங்கும் பணத்தை மூன்றாம் தரப்பு ஒருவரின் பொறுப்பில் எஸ்க்ரோ கணக்கில் வைத்து, விசா கிடைத்தால் பணம் விற்பவருக்குப் போய்ச் சேரும், மறுக்கப்பட்டால் வாங்குபவருக்குத் திரும்பிவிடும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். பணம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது, விசா ஒன்றைத் தவிர வேறு எதையும் காரணம் காட்டி அதை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது என்பதால் அதிகாரிகள் இதை ஏற்கிறார்கள். என்னிடம் வந்த அந்த நண்பருக்கு இதை எவரும் சொல்லவில்லை. விண்ணப்பம் தயாரித்துக் கொடுத்த முகவர் ஒரு தொழில்திட்டத்தை மட்டும் நாற்பது பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் முப்பத்திரண்டாம் பக்கத்தில் நகரத்தின் பெயர் வேறாக இருந்தது. யாருக்கோ செய்த திட்டத்தில் பெயரை மாற்றும்போது அந்த ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது. அதிகாரியின் கண் அதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. என் கண் விழுந்தது.

அடுத்தது பணம் வந்த வழி. வீட்டை விற்ற பணமா, அப்பா கொடுத்த அன்பளிப்பா, வாரிசுச் சொத்தா, சம்பளச் சேமிப்பா, எதுவானாலும் சரி. அது நேர்மையாக ஈட்டப்பட்டது என்பதற்கும், அங்கிருந்து அமெரிக்கக் கணக்குவரை எந்த வழியாக வந்தது என்பதற்கும் இடைவெளி இல்லாமல் தாள்கள் இருக்க வேண்டும். விற்பனைப் பத்திரம், பணம் வந்து விழுந்த வங்கிக் கணக்கின் பதிவு, அங்கிருந்து அனுப்பிய ரசீது, அமெரிக்கக் கணக்கில் வரவான பதிவு என்று சங்கிலி கண்ணி விடாமல் தொடர வேண்டும். உண்டியலில், அதாவது வங்கி வழியே போகாமல் ஆள் மூலம், அனுப்பிய பணத்துக்கு இந்தச் சங்கிலியைக் கட்டவே முடியாது. வங்கியைவிட இரண்டு நாள் முன்னதாக வந்து சேர்ந்தது என்று பெருமையாகச் சொன்ன ஒருவரின் விண்ணப்பத்தை நான் கையிலெடுக்கவே மறுத்தேன். அவருக்கு என்மேல் இன்றும் கோபம். கடனிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் சொந்த வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் உங்கள் முதலாகக் கணக்கில் வரும்; நீங்கள் தொடங்கும் தொழிலின் சொத்தையே ஈடாக வைத்து வாங்கிய கடன் வராது. தொழில் படுத்தால் முதலாவது கடனில் உங்கள் வீடு போகிறது, இரண்டாவதில் வங்கிதான் அடிபடுகிறது. யார் அடிபடுவார் என்று கேட்டுப் பார்த்தால் விடை தானே வந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது? இந்தியா இந்த உடன்படிக்கைப் பட்டியலில் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் எத்தனை கோடி கொண்டுவந்தாலும் ஈ-2 கிடைக்காது. இலங்கைக் குடிமக்கள் 1993 முதல் விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூருக்கு 2004 முதல் இந்த வாய்ப்பு உண்டு. கனடா, ஆஸ்திரேலியா ஆகியனவும் பட்டியலில் உள்ளன. பிரிட்டன் குடிமக்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை: அவர்கள் உண்மையிலேயே அந்நாட்டில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். பிரிட்டன் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு பத்தாண்டுகளாக வளைகுடாவில் வேலை பார்ப்பவர், கிளம்புவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். கரீபியன் தீவு நாடான கிரெனடா போன்ற நாடுகளின் குடியுரிமையைப் பணம் கொடுத்து வாங்கி, அந்தக் கடவுச்சீட்டோடு ஈ-2 பெறலாம் என்று இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். 2022 டிசம்பரில் சட்டம் மாறிவிட்டது. முதலீட்டின் வழியாகக் குடியுரிமை பெற்றவர் அந்த நாட்டில் தொடர்ந்து மூன்று ஆண்டுகளாவது நிலையாக வசித்திருந்தால்தான் முதல்முறை விண்ணப்பிக்க முடியும். விளம்பரத்தில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

கூட்டாளிகளாகச் சேரும்போதும் இதே கேள்வி எழும். நிறுவனத்தில் பாதியாவது உடன்படிக்கை நாட்டவரின் கையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவரின் பங்கு சேராது, அவருடைய கடவுச்சீட்டு கனடாவினுடையதாக இருந்தாலும் சேராது. அண்ணனிடம் கிரீன் கார்டு, தம்பியிடம் கனடியக் குடியுரிமை, நண்பரிடம் இந்தியக் கடவுச்சீட்டு என மூவர் சமமாகப் பங்கு போட்டு நிறுவனம் தொடங்கினால், தம்பியின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கணக்கில் வரும், விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். பத்திரம் எழுதுவதற்கு முந்தைய நாள் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். பிறகு கேட்டால் பங்குகளை மாற்றி எழுத வேண்டும், வரிக் கணக்கர் வேண்டும், குடும்பத்தில் மனக்கசப்பும் சேரும்.

தொழில், உங்கள் குடும்பத்தின் சோற்றுக்கு மட்டும் ஆகும் அளவில் நின்றுவிடக் கூடாது என்பதும் விதி. ஐந்து ஆண்டுகளுக்குள் அதைத் தாண்டி வளரும் என்று காட்ட வேண்டும். உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுப்பதே இதற்குச் சிறந்த சான்று. மனைவி கல்லாவில், மைத்துனர் சமையலறையில், மகன் மாலையில் வந்து உதவுவான் என்று எழுதப்பட்ட திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குடும்பத்தின் ஒற்றுமையில் மரியாதை வருகிறது, அதிகாரிக்கு வருவதில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஈ-2 நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கான படி அன்று. ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் இரண்டு ஆண்டுகள்வரை தங்க அனுமதி கிடைக்கும், தொழில் நடக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். ஆனால் தொழில் நின்றால் திரும்பிவிடுவேன் என்பதே அதன் அடிப்படை. கணவன் அல்லது மனைவி அங்கே வேலை பார்க்கலாம். பிள்ளைகள் படிக்கலாம், வேலை பார்க்க முடியாது; 21 வயது ஆன நாளோடு அவர்கள் உங்கள் விசாவைச் சார்ந்து இருக்கவும் முடியாது. மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது போய்ச் சேர்ந்து, அவள் பேச்சும் தோழிகளும் அங்கேயே அமைந்து, கல்லூரி இரண்டாம் ஆண்டில் மாணவர் விசாவுக்காக அலைந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். தொடக்கத்தில் எவரும் சொல்லவில்லை என்றார். சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன், ஆறு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்திருக்கும்போது 21 என்ற எண் யாருக்கும் காதில் விழாது. கிரீன் கார்டுதான் நோக்கம் என்றால் அது ஈபி-5 என்ற வேறு பிரிவு. 2022 மார்ச்சில் திருத்தப்பட்ட சட்டப்படி அதற்கு 10,50,000 டாலரும், வேலையின்மை மிகுந்த பகுதிகள், கிராமப்புறங்கள் போன்றவற்றில் 8,00,000 டாலரும் வேண்டும். பத்து முழுநேர வேலைகள் உருவாக வேண்டும். அதற்கு உடன்படிக்கை தேவையில்லை என்பதால் இந்தியர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வருகையாளர் விசாவில் போய் இடம் பார்க்கலாம், விற்பவரோடு பேரம் பேசலாம், ஒப்பந்தம் எழுதலாம். கல்லாவில் உட்காரக் கூடாது, ஒரு நாள்கூட. உள்ளே இருந்தபடியே ஈ-2 நிலைக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் அங்கே கிடைப்பது தங்கும் அனுமதி மட்டுமே, கடவுச்சீட்டில் விசா வராது. தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று ஒருமுறை ஊருக்கு வந்துவிட்டால், துணைத் தூதரகத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டும். உள்ளே கிடைத்த ஒப்புதல் அந்த அதிகாரியைக் கட்டுப்படுத்தாது.

மறுக்கப்பட்டவர்கள் அடுத்த வாரமே அதே கோப்போடு மறுபடி ஓடாதீர்கள். மறுப்பு உங்கள் பதிவில் ஏறிவிட்டது, இனி எந்த அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தாலும் "முன்பு மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் விடையளிக்க வேண்டும். அதை மறைத்தால் வரும் கேடு மறுப்பைவிடப் பெரிது. முதல்முறை எது குறைந்தது என்று கண்டு, அது சரியானபின் போங்கள். வீட்டை விற்பதையும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுப்பதையும் விசா கையில் வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. வீட்டை விற்ற பணம்தான் முதல் என்றால், குடியிருக்க வாடகை வீடு ஒன்றை முதலில் பார்த்துவிட்டு விற்கலாம்.

அந்த உணவகக்காரர் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உணவகத்தை வாங்கப் பேசி முடித்திருக்கிறார். எஸ்க்ரோ ஒப்பந்தத்தின் வரைவு என் மேசையில் இருக்கிறது. விசா மறுக்கப்பட்டாலும் முன்பணத்தைத் தான் வைத்துக்கொள்வதாக விற்பவரின் வழக்கறிஞர் ஏழாம் பத்தியில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். அதை எடுக்கும்வரை கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.