24 மடங்கு சிறிய காருக்கு எந்தக் கிளியர்?

நிஜக் காரின் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். காரை 1/24 அளவு பிளாஸ்டிக் மாடலாகச் சுருக்கும்போது இதையும் சுருக்கினால் 2 மைக்ரான்தான் வர வேண்டும். ஸ்ப்ரே கேனில் அடித்தாலும், காற்றால் பெயிண்ட் தூவும் ஏர்பிரஷ்ஷில் அடித்தாலும் அவ்வளவு மெல்லிய பூச்சு நம் கைக்கு வராது. மூன்று நான்கு முறை அடித்துக் காய்ந்த பிறகு 30 மைக்ரான் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குட்டிக் காரின் கணக்கில் அது கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர்.

கதவு இடுக்கைப் பார்த்தால் இது புரியும். நிஜத்தில் 4 மில்லிமீட்டர் இடைவெளி, மாடலில் 0.17 மில்லிமீட்டர். இரண்டு சுவரிலும் 30 மைக்ரான் ஏறினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போதாததற்கு, பரப்பு இழுவிசை ஈரமான கிளியரைப் பள்ளத்துக்குள் இழுத்துச் சேர்க்கும். நன்றாகப் பெயிண்ட் அடித்த மாடல்கூடச் சில சமயம் மிட்டாய் மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். எந்தக் கிளியர் என்று யோசிப்பதற்கு முன்பே, பெயிண்ட் அடிக்காத பிளாஸ்டிக்கில் இடுக்குகளைக் கொஞ்சம் ஆழமாகக் கீறிவிடுவது நல்லது.

சரி, பளபளப்பு எங்கிருந்து வருகிறது? கிளியரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. நேராக வந்து விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மீதி உள்ளே போய், நிறமியைத் தொட்டு, நிறத்தோடு வெளியே வரும். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் அந்த 4 சதவீதமும் ஒரே திசையில் போகும். அந்தத் திசையில் நின்றால் விளக்கின் பிம்பம் தெரியும், மற்றத் திசைகளில் ஆழமான நிறம் மட்டும் தெரியும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தாலோ, அதே 4 சதவீதம் எல்லாப் பக்கமும் சிதறி, நிறத்தோடு வெள்ளையாகக் கலந்துவிடும். கறுப்பு சாம்பலாகத் தெரிவது இதனால்தான். காய்ந்த கூழாங்கல்லைத் தண்ணீரில் போட்டதும் அதன் நிறம் திடீரென்று அடர்த்தியாவதிலும் இதற்குப் பங்குண்டு.

மேட் என்ற பளபளப்பில்லாத கிளியரில் இந்தச் சொரசொரப்பை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். அதில் சில மைக்ரான் அளவுள்ள சிலிக்கா துகள்கள் கலந்திருக்கும். கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது, துகள்கள் இருக்கும் இடம் மேடாக எழும்பும். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். அதைவிடப் பெரிய மேடுபள்ளம் ஒளியைச் சிதறடிக்கும். துகள்கள் கேனின் அடியில் தங்கிவிடும் என்பதால், மேட் கிளியரை நன்றாகக் குலுக்காமல் அடித்தால் ஒரு இடம் பளபளப்பாகவும் ஒரு இடம் வெளுத்தும் நிற்கும்.

அடுத்தது வேதியியல். இதில்தான் உழைப்பு முழுவதும் வீணாகக்கூடும். லாக்கர் வகைக் கிளியர், கரைப்பான் ஆவியாவதால் மட்டும் காய்கிறது. கடுமையான கரைப்பான், கீழே உள்ளதையும் கரைக்கப் பார்க்கும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். நாளாக ஆக மஞ்சளடிக்கும், வெள்ளைக் காருக்கு வேண்டாம். நீர்சார் அக்ரிலிக் கிளியரில் மிதக்கும் பாலிமர் துளிகள், நீர் போனபின் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். அது கீழே உள்ள லாக்கரை அவ்வளவாகச் சீண்டாது. எனாமலுக்கு மேல் லாக்கரைத் தாராளமாக அடித்தால் நிறம் சுருங்கிப்போகும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மூக்கே போதும்: கிட்டே வைத்து முகர்ந்தால் வாசனை வருகிற வரைக்கும் உள்ளே கரைப்பான் இருக்கிறது.

காரின் மேல் ஒட்டும் கோடு, எண் போன்ற மெல்லிய படங்களான டெக்காலும் இப்படித்தான். என் முதல் பந்தயக் காரில் லாக்கர் கிளியரை ஒரே மூச்சில் ஈரமாக அடித்தேன். காலையில் பார்த்தால் கோடுகள் எல்லாம் சுருங்கி, கதவின் எண் வெடித்திருந்தது. இரண்டு மாத வேலை. இப்போது முதல் இரண்டு பூச்சும் பனித்தூவல்தான். கரைப்பான் டெக்காலுக்குள் ஊறுவதற்குள் பறந்துவிட வேண்டும். அதற்காகத் தூரத்தில் இருந்தே அடித்து முடித்துவிடவும் கூடாது. துளிகள் பாதி காய்ந்து விழுந்தால், அவற்றைச் சமப்படுத்தப் பரப்பு இழுவிசைக்கு நேரம் கிடைக்காமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் அலை நிஜக் காரில் கண்ணில் படாமல் போகலாம். 1/24-இல் அது 24 மில்லிமீட்டர் அலைக்குச் சமம். ஈரப்பதம் அதிகமான நாளில் இன்னொரு தொல்லை: வேகமாக ஆவியாகும் கரைப்பான் மேற்பரப்பைக் குளிரவைக்க, காற்றின் நீராவி அதில் படிந்து வெண்மூட்டம் போடும்.

இரண்டு பாகமாகக் கலக்கும் யூரித்தேன் கிளியரின் கண்ணாடிப் பளபளப்புக்கு ஈடு கிடையாது. ஐசோசயனேட் மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து வலையாகிவிடுவதால், இறுகியபின் கரைப்பானுக்கு அசையாது. ஆனால் அதே ஐசோசயனேட்டை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடலுக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு மிகச் சிறு அளவே மூச்சுத்திணறலைத் தூண்டும். தூய காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்கவே கூடாது.

என் தேர்வு காரின் காலத்தைப் பார்த்து அமையும். நிறத்துக்கு மேல் தனிக் கிளியர் என்பது சாலைக் கார்களில் பரவியது 1970, 80-களில்தான். அதற்கு முந்தைய கார்களில் நிறமே பளபளத்தது, ஈரம் சொட்டுவது போன்ற பளபளப்பு அவற்றுக்கு இல்லை. எனவே 1950-களின் காருக்கு மெல்லிய லாக்கர் கிளியர், லேசான பாலிஷ், அவ்வளவே. மெட்டாலிக் நிறமுள்ள புதுக் காருக்குக் கிளியர் கட்டாயம் வேண்டும். அலுமினியத் துகள்கள் மேலே துருத்தி நிற்கும்போது பாலிஷ் போட்டால் திட்டுத்திட்டாகிவிடும். உள் இருக்கைகளுக்கும் டயருக்கும் மேட், கறுப்பு ஜன்னல் ஓரத்துக்கு செமி கிளாஸ் என்ற பாதிப் பளபளப்பு. குரோம் பெயிண்ட் மேல் பெரும்பாலும் எதையும் அடிப்பதில்லை. கண்ணாடி போலப் படுத்திருக்கும் உலோகத் துகள்களைக் கரைப்பான் கலைத்துவிட்டால் அது வெறும் வெள்ளி நிறமாகிவிடும்.

பாலிஷ் போடும்போது விளிம்பில் கை வைக்காதீர்கள். ஈரமான கிளியர் கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடும், அங்கே படலம் மிக மெல்லியது. 2000 எண் உப்புத்தாளின் துகளே சுமார் 10 மைக்ரான் அளவு, நாலு இழுப்பில் நிறம் தெரிந்துவிடும். விளிம்புகளுக்கு முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுகிறேன்.

புதிய கேன் ஒன்று வாங்கினால் முதலில் பிளாஸ்டிக் ஸ்பூனுக்குத்தான். அதே பிரைமர், அதே நிறம், மீந்துபோன டெக்கால் துண்டு ஒன்று, மேலே கிளியர். ஒரு வாரம் கழித்து வாசனை போய், டெக்காலின் ஓரம் சுருங்காமல், குழிந்த பக்கத்தில் ஜன்னல் கம்பிகளின் பிம்பம் மங்காமல் தெரிந்தால் அந்தக் கேன் காருக்குப் போகும்.