மரச்சீனி இலையும் மாட்டின் செல்லும்

மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கும் நாட்களில் குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கமிருந்து கால்நடை மருத்துவர்களுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "டாக்டர், இப்போதுவரை நன்றாகத்தான் நின்றது." கட்டு அவிழ்ந்த ஆடு, குவித்துப் போட்ட மரச்சீனித் தழையைத் தின்றிருக்கும். அல்லது பசுவுக்கு யாரோ கிழங்குத் தொலியை அள்ளிப் போட்டிருப்பார்கள்.

காரணம், மரச்சீனியிலிருந்து வெளிப்படும் சயனைடு நஞ்சு. நிற்கும் செடியில் இந்த நஞ்சு அடங்கிக் கிடக்கிறது. லினமாரின் என்ற பொருள் செல்லுக்குள் வாக்குவோல் என்னும் பையில் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதி இருப்பதோ வெளியே, செல் சுவரில். பல்லோ கத்தியோ பட்டுச் செல் உடையும்போதுதான் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு உருவாகிறது. வெட்டிப்போட்டு அரைகுறையாக வாடிய இலையிலும் செல்கள் சிதைந்திருக்கும். "வாடிவிட்டதே, கொடுக்கலாம்" என்பது தவறு. பொடியாக நறுக்கி, நன்றாக வெயிலில் உலர்த்தினால் நஞ்சு பெருமளவு வெளியேறிவிடும். கொழுந்தில் நஞ்சு அதிகம். ரப்பர் இலையிலும் இதே லினமாரின் உண்டு.

ஆடுமாடுகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களும் லினமாரினைச் சிதைப்பதால் அவற்றுக்கு ஆபத்து கூடுதல். ரத்தத்தில் கலந்த சயனைடு, செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது. செல்லுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி ஆக்சிஜனைக் கொண்டு அங்கேதான் தயாராகிறது. அந்த வேலையின் கடைசிக் கட்டத்து நொதியைச் சயனைடு பிடித்துக்கொள்ள, ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. அதனால்தான் மூச்சுக்குத் தவிக்கும் மாட்டின் ஈறு தொடக்கத்தில் நீலம் பாரிப்பதில்லை, பளிச்சென்று சிவந்திருக்கும். சிரை ரத்தம்கூடச் செக்கச்செவேலென்று வரும். இந்தச் சிவப்பைப் பார்த்து "ரத்தம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருந்துவிடாதீர்கள்.

நம் அடுக்களையில் கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து வடிப்பது மிகச் சரியான பழக்கம். லினமாரின் நீரில் கரைந்து வெளியேறும். ஹைட்ரஜன் சயனைடு ஆவியாகிப் போகும். ஆனால் அந்த வடிநீரைக் கழுநீரோடு சேர்த்து மாட்டுக்கு வைக்கக் கூடாது.

சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ரத்தக் குழாய் வழியே உடனே செலுத்தப்பட்டால் விலங்கு மீள வாய்ப்புண்டு. அதற்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களாகக்கூட இருக்கலாம். வாய் நுரைத்து, கால் தள்ளாடி, மூச்சு இரைத்தால் கைவைத்தியத்தில் இறங்காமல் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையையோ 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணையோ அழையுங்கள். நோய்க்குறியை விவரிக்கும் முன், "மரச்சீனி இலை தின்றுவிட்டது" என்பதைச் சொல்லிவிடுங்கள். மருத்துவர் சரியான மருந்தை எடுத்துக்கொண்டு புறப்படலாம்.