மறுத்தல்: ‘வெறுத்து’, ‘மறுதலித்து’ இரண்டுக்கும் நடுவே தொலைந்த சொல்

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏப்ரல் மாத ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபை ஐயா வாசலிலேயே நிறுத்தினார். “மே மாசம் வி.பி.எஸ்.ல நடு வகுப்புப் பிள்ளைகளை நீங்க எடுத்துருங்க.” வி.பி.எஸ். என்றால் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேதாகமப் பள்ளி. அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. கட்டிலை விட்டு இறங்கவே பக்கத்தில் ஆள் வேண்டும். முடியாது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்ததோ, “ஜெபிச்சிட்டுச் சொல்றேன் ஐயா.” கையிலிருந்த நோட்டில் என் பெயருக்கு நேரே அவர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். நான் ஜெபிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வி.பி.எஸ். தொடங்கிய அன்று காலையில் அந்த வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் ஆலயத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சபைக்குள் வளர்ந்த நமக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கான பதிலில் பாதி, நாம் தினமும் வாசிக்கிற வேதாகமத்தின் சொற்களிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

‘மறுத்தல்’ என்றால் கேட்டதற்கு உடன்படாமல், உடன்படவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்வது. ‘மறு’ என்ற அடிக்கு வேறு, எதிர், திரும்ப என்ற பொருள்கள் உண்டு. மறுநாள், மறுகரை, மறுபக்கம் எல்லாம் அதில் பிறந்தவை. மறுமொழி என்றால் பதில். மறுப்பும் ஒரு பதில்தான். கேட்டவரின் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்லும் பேச்சு. ‘மறுதலை’ என்றால் எதிர்நிலை. பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘தேற்றத்தின் மறுதலை’ என்று படித்தோமே, அதே சொல். அதன் பக்கத்தில் நிற்கும் வினைதான் ‘மறுதலித்தல்’.

அந்த வினையைக் கேட்டதும் எந்தத் தமிழ்க் கிறிஸ்தவருக்கும் நினைவுக்கு வருவது, இயேசுவைத் தெரியாது என்று சொன்ன சீஷர் பேதுரு. அவரிடம் இயேசு முன்பே சொல்லியிருந்தார்: “நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்.” மூல கிரேக்கத்தில் இங்கே இருக்கும் வினை ‘அபர்னேயோமாய்’. ‘அர்னேயோமாய்’ என்பதன் அழுத்தமான வடிவம் அது. இல்லை என்று சொல்லுதல், ஏற்க மறுத்தல் என்பதே இரண்டுக்கும் அடிப்படைப் பொருள். அந்தச் சொல்லில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. யாரிடம், எதற்கு இல்லை என்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதே இரண்டு கிரேக்க வினைகளும் வேறு மூன்று இடங்களில் தமிழில் எப்படி வந்திருக்கின்றன என்று பாருங்கள். மத்தேயு 16:24: “தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு”. எபிரெயர் 11:24: மோசே “பார்வோனுடைய குமாரத்தியின் மகன் என்னப்படுவதை வெறுத்து”. தீத்து 2:12: “அவபக்தியையும் லௌகிக இச்சைகளையும் வெறுத்து”. மூன்றிலும் மூலத்தில் இருப்பது இல்லை என்று சொல்லும் வினை. தமிழில் வந்திருப்பதோ ‘வெறுத்து’. உண்மையான வெறுப்பைக் குறிக்கக் கிரேக்கத்தில் ‘மிசேயோ’ என்று தனி வினை இருக்கிறது. லூக்கா 14:26-இல் “தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால்” என்ற இடத்தில் வருவது அதுதான். இரண்டு கிரேக்கச் சொற்கள் தமிழில் ஒன்றாகிவிட்டன.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சேறியது 1714-15-இல். பிறகு பப்ரிசியுஸ், பிறகு ஹென்றி பவரும் அவருடைய குழுவும் திருத்தி 1871-இல் வந்த திருப்புதல். அதுதான் இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கிறது. ‘உலகத்தை வெறுத்துப் போனார்’ என்றால் துறந்தார் என்றே தமிழர் புரிந்துகொள்வார்கள். அந்த வழக்கை நம்பி அவர்கள் இந்தச் சொல்லை எடுத்திருக்கலாம். 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, மத்தேயுவின் அதே வசனத்தில் ‘தன்னலம் துறந்து’ என்கிறது. துறத்தல் நல்ல சொல்தான். ஆனால் அதிலும் வாய் திறந்து ‘இல்லை’ என்று சொல்லும் ஓசை கேட்கவில்லை.

இதன் விளைவைத்தான் நாம் அனுபவிக்கிறோம். நான் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களில் ‘சுயவெறுப்பு’ என்று ஒரு சொல்லே புழங்கியது. தன்னை வெறுப்பது பக்தி; மறுதலிப்பது பேதுருவின் பாவம். இவை இரண்டுக்கும் நடுவே, யோசித்து, அன்போடு, தெளிவாகச் சொல்லும் மறுப்புக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. பெயர் இல்லாத ஒன்றை எப்படிப் பழகுவது? ஊழியத்துக்குக் கூப்பிடும்போது முடியாது என்றால் ஆண்டவரையே மறுதலித்ததுபோல் உள்ளம் குத்துகிறது. அதற்குப் பயந்துதான் ‘ஜெபிச்சிட்டுச் சொல்றேன்’, ‘கர்த்தருக்குச் சித்தமானால் பார்ப்போம்’ என்று பரிசுத்தமான வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். உண்மையாகவே ஜெபிக்கப் போகிறவர் சொன்னால் அது நல்ல வார்த்தை. அன்று நான் சொன்னது அப்படிப்பட்டதல்ல.

நம் மண்ணின் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் பாட்டி காலத்தில் இருந்தது. இல்லை என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது என்ற நினைப்பு. ஆனால் தமிழ் எப்போதும் அப்படி மட்டுமே பேசியதில்லை. புறநானூற்றின் 196-ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் நன்மாறனின் முகத்துக்கு நேரே சொல்கிறார்:

“ஒல்லுவது ஒல்லும் என்றலும், யாவர்க்கும்
ஒல்லாது இல்லென மறுத்தலும், இரண்டும்
ஆள்வினை மருங்கின் கேண்மைப் பாலே.”

முடிந்ததை முடியும் என்பதும், முடியாததை இல்லை என்று மறுப்பதும் இரண்டுமே நட்பின் பாற்பட்டவை. முடியாததை முடியும் என்பதும், முடிவதை இல்லை என்பதும் கேட்டு வந்தவரை வாட்டும் என்று பாட்டு தொடர்கிறது. பரிசில் கொடுக்காமல் இழுத்தடித்த அரசனிடம் மனம் நொந்து பாடியது இது. ‘மறுத்தல்’ என்ற சொல்லை அவர் நட்பின் பக்கத்தில் வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இந்தப் பாட்டை நான் முதலில் வாசித்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகள்தான் கண்ணில் நின்றார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மத்தேயு 5:37-க்குப் போகலாம். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள், இதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும்.” கிரேக்கத்தில் ‘நாய் நாய், ஊ ஊ’. அதாவது ஆம் ஆம், இல்லை இல்லை, அவ்வளவுதான். ஆணையிடுவதைப் பற்றிய பேச்சில் இயேசு இதைச் சொல்கிறார். சத்தியம் செய்து நம்பவைக்க வேண்டிய அவசியமே வராதபடி உன் ‘ஆம்’ இருக்கட்டும், உன் ‘இல்லை’யும் இருக்கட்டும் என்கிறார். ‘இல்லை’ என்ற சொல்லுக்கும் ‘ஆம்’ என்ற சொல்லுக்கும் அங்கே ஒரே மரியாதை.

மறுப்புக்கு எதிரான சொல்லையும் வேதாகமத் தமிழ் அழகாக வைத்திருக்கிறது: ‘போக்கு’, அதாவது சாக்கு. பெரிய விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் “போக்குச்சொல்லத் தொடங்கினார்கள்” என்கிறது லூக்கா 14:18. ஒருவனுக்கு வயல், ஒருவனுக்கு ஏர்மாடு, ஒருவனுக்குக் கல்யாணம். மறுப்பவர் தன் முடிவைத் தானே சுமக்கிறார். போக்குச் சொல்பவர் அதை மாட்டின் தலையில் கட்டுகிறார்.

எபிரெயத்தில் ஓர் இடம் உண்டு. ஆதியாகமம் 39:8-இல் போத்திபாரின் மனைவிக்கு யோசேப்பு இணங்க மறுத்தான் என்பதற்கு ‘வய்மாஏன்’ என்ற ஒற்றைச் சொல் வருகிறது. யூதரின் ஜெப ஆலயத்தில் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, ராகத்தோடு வாசிக்கும்போது அந்தச் சொல்லின்மேல் ‘ஷல்ஷெலெத்’ என்ற குறி இருக்கும். நீட்டி, அலை அலையாக ஏற்றி இறக்கிப் பாட வேண்டிய குறி. தோரா முழுவதிலும் அது நாலே இடங்களில்தான் வருகிறது. சொல்லும்போது தொண்டையில் எவ்வளவு நேரம் நின்றிருக்கும் அந்த மறுப்பு! ஆனால் அவன் வாய் திறந்ததும் காரணம் தெளிவாக வருகிறது: “தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி.”

பாவத்துக்கு மறுப்புச் சொல்வதாவது நமக்குப் புரிகிறது. ஞானஸ்நானமே அப்படித்தான் தொடங்குகிறது. கத்தோலிக்கத் திருமுழுக்குச் சடங்கில் விசுவாசத்தை அறிக்கையிடுவதற்கு முன்பே பாவத்தையும் சாத்தானையும் பற்றிக் கேட்டு, ‘விட்டுவிடுகிறேன்’ என்று பதில் வாங்குகிறார்கள். தடுமாற்றம் வருவது நல்ல காரியத்துக்குக் கூப்பிடும்போதுதான். அங்கே எனக்கு உதவியவர், எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது மதிலை, திரும்பக் கட்டிய நெகேமியா. ஓனோ பள்ளத்தாக்குக்கு வா, பேசலாம் என்று நாலுதரம் ஆள் வருகிறது. நாலுதரமும் ஒரே பதில்: “நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது.” அழைத்தவர்களின் உள்நோக்கம் அவருக்குத் தெரியும், ஆனாலும் பதிலில் வசை இல்லை. தன் கையில் ஏற்கெனவே இருக்கும் வேலையைச் சொல்கிறார், நிறுத்திக்கொள்கிறார். அலங்கம் 52 நாளில் முடிந்தது.

அந்த ‘வரக்கூடாது’ இன்று நமக்கு ‘வருவது தப்பு’ என்று கேட்கும். அன்றைய தமிழில் அதன் பொருள் ‘வர இயலாது’. ‘மாட்டேன்’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘மாட்டு’ என்ற பழைய வினைக்குப் பொருள் இயலுதல். “தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்” என்று யோவான் 3:3 சொல்வதும் காண இயலாது என்பதையே. அம்மாவை அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அத்தை, “நடக்கமாட்டாம நடக்காங்க” என்பார்கள். மனமில்லாமல் அல்ல, பெலனில்லாமல். ‘மாட்டேன்’ என்பதைத் திமிராக மட்டுமே கேட்கப் பழகிய நம் காதுக்குள், இயலாமையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்தப் பழைய குரலும் இன்னும் இருக்கிறது.

ஆகவே நான் தேர்ந்துகொண்ட சொல் ‘மறுத்தல்’. ‘தன்னைத்தான் மறுத்து’ என்று வாசித்தால் மத்தேயு 16:24 எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. ‘மறுதலித்தல்’ பேதுருவின் அந்த இரவுக்கே இருக்கட்டும். அவரும் அங்கேயே நின்றுவிடவில்லை. இயேசுவின் நாமத்தைக் குறித்துப் பேசக் கூடாது என்று ஆலோசனைச் சங்கம் கட்டளையிட்டபோது அவரும் யோவானும் சொன்ன பதில் அப்போஸ்தலர் 4:20-இல் இருக்கிறது: “நாங்கள் கண்டவைகளையும் கேட்டவைகளையும் பேசாமலிருக்கக்கூடாதே.” வேலைக்காரப் பெண்ணின் முன் நடுங்கிய அதே வாய்தான்.

அடுத்த வருஷம் ஐயா அதே நோட்டோடு வந்தார். அம்மா அப்போது கம்பை ஊன்றி முற்றம்வரை வரத் தொடங்கியிருந்தார்கள். “ஐயா, இந்த வருஷமும் காலையில என்னால முடியாது. அம்மாவைத் தனியா விட முடியல. சாயங்காலம் பிள்ளைகளோட பேப்பர் வேலை இருந்தா வீட்டுக்குக் கொடுத்து விடுங்க, செஞ்சு தாரேன்” என்றேன். அவர் என் பெயருக்கு நேரே எதுவும் போடவில்லை. கீழே இருந்த வேறொரு பெயரைப் பார்த்துக்கொண்டே, “அம்மா இப்ப ராத்திரி தூங்குறாங்களா?” என்று கேட்டார்.