ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள்

"டாக்டர், இப்ப எப்படி இருக்கார்?" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. "சீரியஸ்தான், பார்த்துக்கிட்டிருக்கோம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். அதே மருத்துவரிடம் "நேத்து ஆக்சிஜன் 80 சதவீதம் வச்சிருந்தீங்க, இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். நின்று, விளக்கிச் சொல்வார். நோயாளியால் பேச முடியாத நாட்களில் அவருக்காகக் குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி, நேற்றைக்கும் இன்றைக்கும் எது மாறியிருக்கிறது என்று தினமும் கேட்டு எழுதி வைப்பது.

அதற்கு முன், முதல் சில மணி நேரத்தில் நீங்கள் சொல்ல வேண்டியவை உண்டு.

வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் அள்ளிப் போட்டு எடுத்து வாருங்கள். "சின்னதா, வெள்ளை மாத்திரை" என்ற விவரத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம், க்ளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சாப்பிடுகிறார் என்றால், கடைசி மாத்திரை எப்போது என்பதையும் சொல்லுங்கள். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி போடுவது முதல் மூளை அறுவை சிகிச்சை வரை பல முடிவுகள் அதைப் பொறுத்து மாறும். இன்சுலின் அளவு, ஒவ்வாமை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் விட வேண்டாம். பக்கவாதம் என்றால் அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரம்தான் கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலையில் எழுந்தபோதே கை இழுத்திருந்தது என்றால், எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள், இரவு நன்றாகப் படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயங்களைக் குடும்பங்கள் வெட்கப்பட்டு மறைக்கின்றன. இரண்டுமே உயிரோடு சம்பந்தப்பட்டவை. ஒன்று, குடி. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 2, 3 நாளில் வலிப்பும் கடுமையான மனக்குழப்பமும் வரலாம். கால் எலும்பு முறிவுக்குச் சேர்ந்தவர் மூன்றாம் நாள் கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்ப்பது பல சமயம் இதனால்தான். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம். மற்றொன்று, விஷம். குடித்த மருந்தின் பாட்டிலையோ பாக்கெட்டையோ கையோடு கொண்டு வாருங்கள். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் ஓரிரு நாள் எழுந்து உட்கார்ந்து நன்றாகவே பேசுவார். "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்கு அழைத்துப் போன பிறகு கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "வாந்தி, பேதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது நடைமுறை. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

ஒரு நோட்டு, ஒரு ஆள்

குடும்பத்தில் ஒருவர் மட்டும் மருத்துவரிடம் பேசட்டும். மூத்த மகனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பதறாமல் கேட்டு, கேட்டதை அப்படியே மற்றவர்களுக்குச் சொல்லக்கூடிய மருமகளாகவும் இருக்கலாம். காலையில் மகள், மதியம் மச்சான், இரவில் சித்தப்பா என்று வேறு வேறு ஆட்கள் கேட்டால், மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாகச் சொன்னதாகத் தோன்றும். சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையையும் மருத்துவர் அனுமதியோடு அந்தப் பேச்சின்போதே வீடியோ அழைப்பில் சேர்த்துவிடுங்கள். பத்தாம் நாள் விமான நிலையத்திலிருந்து நேரே வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கும் நிலை வராது.

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், பேசிய மருத்துவர் பெயர், சொன்னது. சீஃப் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தைச் சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன் கேள்விகளை எழுதிவிடுங்கள். ஐந்தே ஐந்து விஷயங்கள்.

மூச்சு: வென்டிலேட்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம்? நாம் சுவாசிக்கும் காற்றில் 21. அது 80லிருந்து 50க்கும், பிறகு 40க்கும் இறங்கினால் நுரையீரல் தேறுகிறது. திரையில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவாகத் தெரியும் 95, 96 என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து வரும் 95 வேறு, 40 கொடுத்து வரும் 95 வேறு.

ரத்த அழுத்தம்: பிபியைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் போன்ற மருந்து ஓடுகிறதா? நேற்றைவிடக் கூடியதா, குறைந்ததா, இரண்டாவது மருந்து சேர்த்தார்களா? "மணிக்கு 5 மில்லி" என்பதைப் பக்கத்துக் கட்டிலோடு ஒப்பிடாதீர்கள். மருந்தை எவ்வளவு கரைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும்.

சிறுநீரகம்: உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி சிறுநீராவது போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி, நாளைக்கு 700 மில்லிக்குச் சற்று மேல். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைச் சேர்த்துக் கேளுங்கள்.

நினைவு: கண் திறக்கவில்லை என்றால் தூக்க மருந்தினாலா, மூளைப் பாதிப்பினாலா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் எத்தனையோ குடும்பங்கள் தேவையில்லாமல் உடைந்து போகின்றன. மருந்தைத் தினமும் சிறிது நேரம் நிறுத்தியோ குறைத்தோ பார்க்கிறார்களா என்றும் கேட்கலாம்.

கிருமி: எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததா? பொதுவாக 2, 3 நாள் ஆகும். வந்த பின் அதற்கேற்ப ஆன்டிபயாடிக்கை மாற்றினார்களா? கூடவே, "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். கழுத்து ஊசிக்குழாய், சிறுநீர்க் குழாய் இரண்டுமே நாள் கூடக் கூடத் தொற்றுக்கு வழி ஆகின்றன. யாரும் கேட்காவிட்டால் வேலை மும்முரத்தில் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிடக்கூடும்.

"செத்த பிறகும் வென்டிலேட்டரில் வைத்துக் காசு பிடுங்குகிறார்கள்" என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மனத்துக்குள் வைத்துப் புழுங்க வேண்டாம். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். இதயம் நின்ற உடலில் சிறுநீர் ஊறாது, நாடி இருக்காது, சில மணி நேரத்தில் உடல் விறைக்கும். வென்டிலேட்டரால் காற்றைத் தள்ள முடியுமே தவிர, நின்ற இதயத்தை ஓட்ட முடியாது. மூளைச்சாவு வேறு, அப்போது இதயம் துடித்துக்கொண்டிருக்கும். உறுப்பு மாற்றுச் சட்டப்படி அதை உறுதி செய்ய 4 மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைகள் எப்போது நடந்தன என்று கேட்பது உங்கள் உரிமை.

பார்வை நேரத்தில் உங்கள் கண்ணும் கையும்

கை கழுவாமல் தொடாதீர்கள். தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா, இடுப்பின் பின்புறமும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும்.

நினைவு மங்கியவருக்கு ஒரு வாய் கஞ்சி, ஒரு மடக்குத் தண்ணீர் என்று சிஸ்டருக்குத் தெரியாமல் கொடுப்பது பாசத்தில் நடப்பதுதான். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடலாம். சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீர் கூடவே கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாதபோது இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுவிடலாம்.

மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் வீட்டில் விட்டுவிடாதீர்கள். வயதானவர் ஐசியூவில் திடீரென்று குழம்பிப் பேசுவதும் குழாயைப் பிடுங்குவதும் பைத்தியம் அல்ல. நோயாலும் மருந்தாலும் தூக்கமின்மையாலும் வரும் தற்காலிகக் குழப்பம். காதும் கண்ணும் வேலை செய்தால் அது குறையும். இன்ன கிழமை, இன்ன ஊர், நான் உன் மகள் என்று வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருங்கள். வாயில் குழாய் இருக்கும்போதும் பலரால் தலையசைக்க முடியும், அட்டையில் எழுத்தைக் காட்ட முடியும். விழித்திருப்பவரைப் பற்றி அவர் தலைக்கு மேலேயே நாம் முடிவெடுக்கக் கூடாது. முதலில் அவரைக் கேளுங்கள்.

"இவர் வழக்கமா இப்படி இருக்க மாட்டார்" என்று உங்களுக்குத் தோன்றினால் அதை உடனே சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, பெற்றோர் சொன்ன கவலைக்குச் செவிசாய்க்கப்படாத நிலையில் கிருமித் தொற்று முற்றி இறந்தாள். அவள் பெயராலேயே 2024 முதல் அங்கே ஒரு விதியை நடைமுறைப்படுத்தி வருகிறார்கள்: நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்துக்குத் தோன்றினால், வேறொரு தீவிர சிகிச்சைக் குழு வந்து பார்க்கும்படி நேரடியாகக் கேட்கலாம். நம்மிடம் அப்படி ஓர் ஏற்பாடு பரவலாக இல்லை. எனவே படிப்படியாகப் போக வேண்டும்: சிஸ்டர், டியூட்டி டாக்டர், சீஃப். அங்கும் நகரவில்லை என்றால் தனியாரில் மருத்துவக் கண்காணிப்பாளர், அரசு மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்), டீன். "யாரும் கண்டுக்க மாட்டேங்கிறாங்க" என்பதைவிட "ராத்திரி 2 மணியிலிருந்து மூச்சு வாங்குது, மூணு தடவை சொன்னோம், டாக்டர் ஒருமுறை வந்து பார்க்கணும்" என்பது வேலை செய்யும். கூட்டமாகச் சேர்ந்து சத்தம் போட்டால் மருத்துவர்கள் உங்களிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள், நஷ்டம் நோயாளிக்கு.

கையெழுத்து போடும் முன்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போடாதீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா? இந்த நான்கும் தெரிந்த பிறகு போடுங்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது. உயிர் போகும் அவசரத்தில் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. 'ஹை ரிஸ்க்' படிவத்தில் கையெழுத்திட்டதால், பின்னால் கவனக்குறைவு நடந்தாலும் கேட்க முடியாது என்றும் இல்லை.

டிராக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பது, என்றதும் "கழுத்துல ஓட்டை போடணுமா" என்று குடும்பம் நாட்கணக்கில் தள்ளிப் போடுவது வழக்கம். வாய்வழிக் குழாய் ஒன்று, இரண்டு வாரத்தைத் தாண்டும் போலிருந்தால்தான் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள். அதன்பின் தூக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை எடுப்பது எளிது. மூச்சு தேறினால் குழாயை எடுத்துவிடுவார்கள், துளை தானே மூடிக்கொள்ளும், குரலும் பெரும்பாலும் திரும்பும்.

பணப் பேச்சை முதல் நாளே பேசிவிடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் ஆகலாம் என்று எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, இந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி இருக்கிறதா என்பதை 1800 425 3993இல் கேட்டு உறுதி செய்யுங்கள். தனியார் காப்பீட்டில், பணமில்லாச் சிகிச்சைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் உத்தரவிட்டிருக்கிறது.

சமாளிக்க முடியாது என்று தெரிந்தால், நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகு பன்னிரண்டாம் நாளில் மாற்றாதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளிலேயே அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அங்கே வென்டிலேட்டர் படுக்கை இருக்கிறதா என்று மருத்துவரே மருத்துவரிடம் பேசி உறுதி செய்த பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். ஓடும் மருந்துகளின் அளவு எழுதிய ரெஃபரல் கடிதம், ஸ்கேன் சிடி, கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும்.

எது வரைக்கும்?

நாள் ஓட ஓட, கேள்வியும் மாற வேண்டும். "இந்தச் சிகிச்சையால் அவர் எந்த நிலைக்குத் திரும்புவார் என்று எதிர்பார்க்கிறீர்கள்? எத்தனை நாளில், எது மாறினால் அது தெரியும்?" மூன்று நாள், ஐந்து நாள் என்று ஒரு கெடு வைத்துப் பார்ப்பது மருத்துவர்களும் ஒத்துக்கொள்ளும் முறைதான். இங்கே பேச வேண்டியது நம் ஆசையை அல்ல, அவர் விருப்பத்தை. கட்டிலோடு கிடக்க மாட்டேன் என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குணமாக வழியில்லாத நிலையில் உயிர்காப்புக் கருவிகளை விலக்குவதற்கு உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து, 2023இல் எளிதாக்கிய நடைமுறை இருக்கிறது. மருத்துவமனையே அமைக்கும் இரண்டு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள், கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். இது தெரியாததால்தான் பலர் "மருத்துவர் ஆலோசனையை மீறி" என்று எழுதிக் கையெழுத்திட்டு, வலி மருந்துகூட இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து அனுப்பும்படி கேளுங்கள். வீட்டில் கவனித்துக்கொள்ள மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சேவை உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

எந்த நிலையில் வெளியே வந்தாலும் மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுதிக் கேட்டு, கடிதத்தின் ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது: கேஸ் ஷீட், நர்ஸிங் சார்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, எல்லாப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் சிடி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.